உப்பா, பனியா? செவ்வாயில் ஒரு நான்கு நாள் பதற்றம்

ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ் வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு பக்கத்தைப் பிடித்து இழுப்போமே, அதில் எனக்கு எப்போதும் ‘ஆறு வித்தியாசங்கள்’ பக்கம்தான். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படங்கள். இடது படத்தில் தாத்தா கையில் குடை இருக்கும். வலது படத்தில் குடையின் கைப்பிடியைக் காணோம். பென்சிலால் அதைச் சுற்றி வட்டம் போடும் கணத்தில் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அதற்கு வயதே கிடையாது!

அப்படி இரண்டு படங்களை இப்போது உங்கள் முன் வைக்கப் போகிறேன். எடுத்த இடம், செவ்வாய் கோளின் வடதுருவத்தை ஒட்டிய சமவெளி. எடுத்த ஆண்டு 2008. இரண்டிலும் இருப்பது ஒரே பள்ளம். ரோபோ கை ஒன்று தோண்டிய பள்ளம் அது. ஒரு சாண் அகலம், ஒன்றரைச் சாண் நீளம். முதல் படத்தின் இடது கீழ் மூலையில், நிழல் படிந்த இடத்தில், பகடைக்காய் அளவுக்குச் சில வெள்ளைக் கட்டிகள் கிடக்கின்றன. இரண்டாவது படம் நான்கு நாள் கழித்து எடுத்தது. அதே பள்ளம், அதே மூலை. கட்டிகளைக் காணோம்.

அந்தக் ‘காணோம்’தான் விஷயமே! கண்ணெதிரே ஒரு பொருள் இல்லாமல் போனதை வைத்து, வேறொரு கோளின் மண்ணில் தண்ணீர் உறைந்து கிடக்கிறது என்று மனிதர்கள் நிறுவிய கதை இது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. அந்த நாட்களில் உள்ளே என்ன நடந்தது? யார் என்ன கேட்டார்கள்? எதற்குப் பயந்தார்கள்? வாருங்கள், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரத்தில் இருந்த அந்தக் கட்டுப்பாட்டு மையத்தின் கதவை மெல்லத் தள்ளி எட்டிப்பார்ப்போம்.

சாம்பலிலிருந்து ஒரு பறவை

கலத்தின் பெயர் பீனிக்ஸ். காரணத்தோடு வைத்த பெயர். 1999 டிசம்பர் 3 அன்று, செவ்வாயின் தென்துருவப் பகுதியில் இறங்கப் போன ‘மார்ஸ் போலார் லேண்டர்’ பேச்சுமூச்சில்லாமல் தொலைந்துபோனது. அதன் தம்பி போல, 2001இல் கிளம்ப வேண்டிய இன்னொரு கலத்தின் பயணமும் அதனால் ரத்தானது. பாதி வாழ்க்கை வாழாமலே கிடங்குக்குப் போன அந்தக் கலத்தின் மேல் ஒருவர் கண் வைத்திருந்தார். அரிசோனா பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஸ்மித். தொலைந்துபோன கலத்துக்குக் கேமரா செய்து கொடுத்தவர் அவர். அந்த இழப்பில் அவருக்கும் பங்கு உண்டு. முடங்கிக் கிடக்கும் தம்பியை எழுப்பி, அண்ணனுக்காகச் செய்த கருவிகளைப் புதுப்பித்து ஏற்றி, செவ்வாயின் வடக்கே அனுப்பலாம் என்று அவர் குழு திட்டம் போட்டது. 2003இல் நாசா சம்மதித்தது. சாம்பலிலிருந்து பறவை எழுந்தது!

ஏன் வடக்கே? அதற்கும் ஒரு ரகசியக் குறிப்பு கையில் இருந்தது. 2001 முதல் செவ்வாயைச் சுற்றிவரும் ‘ஒடிஸி’ கலத்தில் மண்ணின் கூறுகளை மேலிருந்தே மோப்பம் பிடிக்கும் கருவி உண்டு. விண்வெளியிலிருந்து பாயும் காஸ்மிக் கதிர்கள் மண்ணில் மோதும்போது நியூட்ரான்கள் தெறிக்கும். மண்ணில் ஹைட்ரஜன் நிறைய இருந்தால் அந்த நியூட்ரான்களின் வேகத்தை அது அடக்கிவிடும். மேலே வந்துசேரும் வேகமான நியூட்ரான்கள் எங்கே குறைகின்றனவோ, அங்கே கீழே ஹைட்ரஜன் குவிந்திருக்கிறது என்று பொருள். இந்தக் கருவிக் குழுவின் தலைவர் வில்லியம் பாய்ன்டன். 2002இல் வெளியான அவர்களுடைய கணக்குப்படி, துருவங்களை ஒட்டிய நிலத்தில் மண்ணுக்குச் சற்றுக் கீழே ஹைட்ரஜன் ஏராளம். ஹைட்ரஜன் என்றால் தண்ணீராக இருக்கலாம்.

இருக்கலாம்! இந்தச் சொல்லை ‘இருக்கிறது’ என்று மாற்றுவதற்குத்தான் இத்தனை பாடும். இந்தப் பாய்ன்டனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சமையலறையில் மறுபடி சந்திப்போம்.

2008 மே 25. பீனிக்ஸ் செவ்வாயின் காற்றுக்குள் நுழைந்தது. அப்போது செவ்வாயிலிருந்து ரேடியோ செய்தி பூமிக்கு வர 15 நிமிடத்துக்கும் மேல் ஆனது. பாராசூட் விரிந்தது என்ற சேதி இங்கே காதில் விழும்போது, அங்கே எல்லாம் முடிந்து கலம் தரையில் நின்றிருக்கும்; அல்லது நொறுங்கியிருக்கும். நின்றிருந்தது! மூன்று காலில், பத்திரமாக, 68 பாகை வடக்கில். அதைவிட ஒரு வேடிக்கை கேளுங்கள். செவ்வாயைச் சுற்றிக்கொண்டிருந்த இன்னொரு கலத்தின் ஹைரைஸ் கேமரா, பாராசூட்டில் தொங்கியபடி இறங்கும் பீனிக்ஸைப் படமே எடுத்துவிட்டது. ஒரு கோளில் இறங்கும் கலத்தை, இறங்கும்போதே இன்னொரு கலம் படம்பிடித்தது அதுதான் முதல்முறை.

நாற்பது நிமிடம் தள்ளிப்போகும் காலை

டூசான் மையத்துக்குள் நுழைந்ததும் முதலில் குழப்புவது கடிகாரம். செவ்வாயின் ஒரு நாள் என்பது 24 மணி 39 நிமிடம் 35 விநாடி. அதற்கு ‘சோல்’ என்று பெயர். கலம் பகலில் வேலை செய்து, படங்களையும் அளவுகளையும் அனுப்பிவிட்டுத் தூங்கும். அது தூங்கும் நேரத்தில்தான் இங்கே இருப்பவர்கள் வந்த சேதிகளைப் படித்து, சண்டை போட்டு, முடிவெடுத்து, மறுநாளைக்கான கட்டளைகளை எழுதி முடிக்க வேண்டும். ஆகவே விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் முதல் மூன்று மாதம் செவ்வாயின் நேரப்படியே வாழ்ந்தார்கள். இன்று காலை எட்டுக்கு வேலைக்கு வந்தால் நாளை எட்டு நாற்பதுக்கு. அடுத்த நாள் ஒன்பது இருபதுக்கு. மூன்றரை வாரம் போனால் ‘காலை’ என்பது நடுராத்திரி! உடம்பு ஈடுகொடுக்கிறதா என்று பார்க்க, நீல ஒளி விளக்குகளை வைத்து அவர்களுடைய தூக்கத்தையே தனியாக ஆராய்ந்தார்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். டூசான் பாலைவன நகரம். ஜூன் மாதத்தில் வெளியே வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். கதவுக்கு இந்தப் பக்கம் வந்தால், இரவில் மைனஸ் 80 டிகிரிக்கு இறங்கும் ஒரு சமவெளி திரையில் விரிந்திருக்கும். தரை முழுக்க ஆமை ஓடு மாதிரி பல கோணக் கட்டங்கள். நிலத்தடியில் உறைந்த மண் குளிரில் சுருங்கி வெடிப்பதால் வரும் கோலம் அது. பூமியின் துருவப் பகுதிகளிலும் இதே கோலம் உண்டு. பார்த்தவர்களுக்கெல்லாம் கை துறுதுறுத்தது. காலடியில்தான் இருக்கிறது, தோண்டினால் கிடைத்துவிடும்!

தோண்டுவதற்கு முன் பெயர் வைக்க வேண்டும். ஒவ்வொரு கல்லுக்கும் பள்ளத்துக்கும் பெயர் இருந்தால்தானே ‘இதை எடு, அதை விடு’ என்று ராத்திரி மூன்று மணிக்கு ஒருவருக்கொருவர் குழம்பாமல் பேச முடியும்? பாட்டி சொல்லும் தேவதைக் கதைகளிலிருந்து பெயர்களை எடுத்தார்கள். ஒரு பள்ளம் ‘டோடோ’. பக்கத்துப் பள்ளம் ‘கோல்டிலாக்ஸ்’. தோண்டத் தோண்ட இரண்டும் ஒன்றாகி ‘டோடோ-கோல்டிலாக்ஸ்’ ஆனது. இன்னொன்று ‘ஸ்னோ வொயிட்’. ரோபோ கை முதன்முதலில் மண்ணைத் தொட்டபோது பதிந்த தடம் பாதச்சுவடு போலத் தெரிந்ததால், அதற்குப் பனிமனிதன் ‘யெட்டி’யின் பெயர். மனித வரலாற்றின் மிகப் பெரிய கேள்விகளில் ஒன்றைப் பற்றிய அறிக்கைகளில் வரிக்கு வரி கரடிக்குட்டியும் சூனியக்காரியும் வருகிறார்கள் என்றால் எவ்வளவு அழகு!

வயிற்றுக்கு அடியில்

இறங்கிய ஐந்தாம் சோலில், 2.35 மீட்டர் நீளமுள்ள ரோபோ கையை வளைத்து, அதன் முனையிலிருந்த கேமராவைக் கலத்தின் வயிற்றுக்கு அடியில் நீட்டினார்கள். கால்கள் சரியாக ஊன்றியிருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் நோக்கம். படம் வந்தது. கால்களை யார் பார்த்தார்கள்! இறங்கும்போது கலத்தின் உந்துவிசைப் பொறிகள் சீறிய சீறலில் மேல்மண் பறந்துபோய், அடியில் வழுவழுவென்று, பளபளவென்று ஒரு பாளம் தெரிந்தது. பார்த்தவர்கள் வாயிலிருந்து வந்த வியப்புச் சொல்லே அதற்குப் பெயராகிவிட்டது: ‘ஹோலி கவ்’. நம் ஊராக இருந்தால் ‘அம்மாடியோவ்’ என்று பெயர் வைத்திருப்போம்.

இந்த இடத்தில்தான் எனக்கு இவர்கள் மேல் தனி மரியாதை வருகிறது. பத்து வருடக் காத்திருப்பு. ஒரு கலத்தைத் தொலைத்த வலி. கண்ணெதிரே பனிக்கட்டி மாதிரியே ஒரு பாளம். அப்போதும் ‘கிடைத்துவிட்டது’ என்று அறிவிக்கவில்லை. வெள்ளையாக, பளபளப்பாக ஒன்று இருக்கிறது; அவ்வளவுதான் தெரியும் என்றார்கள்.

அந்தத் தயக்கத்துக்குப் பக்காவான காரணம் இருந்தது. செவ்வாயின் இன்னொரு பக்கத்தில் ஊர்ந்துகொண்டிருந்த ‘ஸ்பிரிட்’ ஊர்தியின் மக்கர் பண்ணிய சக்கரம் மண்ணைக் கீறிக்கொண்டே போனபோது அங்கேயும் வெள்ளையாக எழும்பியது. அது உப்பு! ஆகவே டோடோ பள்ளத்தில் முதல் வெள்ளைத் துணுக்கு கரண்டியில் ஏறியதுமே அறை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. பனியா, உப்பா?

மூன்று பேர்மீது சந்தேகம்

துப்பறியும் கதை மாதிரி வரிசையாக நிறுத்துவோம். சந்தேகத்துக்குரியவர்கள் மூன்று பேர். ஒன்று, உப்பு. இரண்டு, தண்ணீர் உறைந்த பனிக்கட்டி. மூன்று, உலர்பனி; அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு. செவ்வாயின் காற்றில் பெரும்பகுதி அந்த வாயுதான் என்பதால் அதையும் விட்டுவிட முடியாது.

மூவரையும் பிரித்தறிய என்ன வழி? விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். சும்மா விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்!

நம் வீட்டுப் பூஜை அலமாரியில் கற்பூர டப்பாவின் மூடியைத் திறந்து வைத்துவிட்டால் என்ன ஆகும்? பத்து நாளில் கட்டி கரைந்து பாதியாகியிருக்கும். கீழே ஈரம் இருக்காது. உருகாமலே ஆவியாகப் போய்விடும். பள்ளிக்கூடத்தில் அந்துருண்டையை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்களே, பதங்கமாதல், அதேதான். செவ்வாயில் பனிக்கட்டியும் கற்பூரம்தான். அங்கே காற்றழுத்தம் நம்முடையதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. காற்றோ வறண்டு கிடக்கிறது. வெயில் படும்படி வெளியே எடுத்துப் போட்ட பனிக்கட்டி, தண்ணீராக மாறாமல் நேரே ஆவியாகிவிடும். சமையலறை உப்பு ஜாடியை எத்தனை மாதம் திறந்து வைத்தாலும் உப்பு எங்கும் போகாது. உலர்பனியோ கோடைக்கால செவ்வாயின் அந்த வெப்பநிலையில் நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கவே முடியாது. மைனஸ் 120 டிகிரிக்கும் கீழே போனால்தான் அதற்கு அங்கே வாழ்வு.

ஆக, கேள்வி மூன்றாகப் பிரிந்தது. உடனே மறைந்தால் உலர்பனி. மறையவே இல்லையென்றால் உப்பு. மெல்ல மெல்ல, சில நாட்களில் மறைந்தால் தண்ணீர்.

ஜூன் 15 அன்று, இருபதாம் சோலில், டோடோ-கோல்டிலாக்ஸ் பள்ளத்தில் அந்த வெள்ளைக் கட்டிகள் வெளிப்பட்டன. கேமரா ஒரு படம் எடுத்தது. பிறகு காத்திருப்பு. இருபத்து நான்காம் சோலில் மறுபடி ஒரு படம். இரண்டையும் திரையில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால் இடது கீழ் மூலையில் கட்டிகள் இருந்தன, இல்லை, இருந்தன, இல்லை! உப்புக்கு அந்த வித்தை தெரியாது. ஜூன் 19 அன்று பீட்டர் ஸ்மித் அறிவித்தார். அது பனிக்கட்டியாகத்தான் இருக்க வேண்டும்.

உலகத்துக்கு அந்தச் சேதி போன விதமும் அலாதி. அப்போது ட்விட்டர் சின்னக் குழந்தை. நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில் செய்தித் தொடர்பைப் பார்த்துக்கொண்ட வெரோனிகா மெக்ரெகர், பீனிக்ஸ் தானே பேசுவது போல ‘நான்’ என்று எழுதும் கணக்கு ஒன்றை நடத்திவந்தார். பனி கிடைத்ததைக் கலமே குதித்துக் குதித்துச் சொல்வதுபோல அந்தச் செய்தி ஆச்சரியக்குறிகளோடு உலகமெங்கும் பரவியது. அதே நாளில் இன்னொரு நல்ல சகுனம். ஸ்னோ வொயிட் பகுதியில் தோண்டிக்கொண்டிருந்த கை, கெட்டியான ஏதோ ஒன்றில் இடித்துக்கொண்டு நின்றுவிட்டது. முதல் பள்ளத்தில் வெள்ளை தெரிந்த அதே ஆழம்!

சல்லடையில் இறங்காத மாவு

கண்ணால் பார்த்தாயிற்று. போதுமா? போதாது என்றார்கள் அதே ஆட்கள்! மறைந்ததை வைத்துச் சொல்வது ஊகம். எடுத்துச் சுட்டுப் பார்த்து, வரும் ஆவியை முகர்ந்து பார்த்தால்தான் சாட்சி. அதற்காகக் கலத்தின் மேல் எட்டு குட்டி அடுப்புகள் இருந்தன. பேனா ரீஃபில் பருமன்தான் ஒவ்வொன்றும். இந்த அடுப்படிக்குப் பொறுப்பு யார் தெரியுமா? நம் வில்லியம் பாய்ன்டன்! ஆறு ஆண்டுக்கு முன் வானத்திலிருந்து ஹைட்ரஜனை மோப்பம் பிடித்தவர், இப்போது அதே மண்ணைச் சமைத்துப் பார்க்க வந்திருந்தார்.

ஜூன் தொடக்கத்திலேயே முதல் கரண்டி மண்ணை அடுப்பின் மேல் கொட்டியிருந்தார்கள். வாயில் ஒரு சல்லடை. ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த துகள் மட்டும்தான் கீழே இறங்கும். கொட்டிய மண்ணில் ஒரு பொட்டுகூட இறங்கவில்லை. புட்டுக்கோ அதிரசத்துக்கோ ஈர அரிசியை இடித்துச் சலித்திருப்பவர்களுக்கு இது புரியும். மாவு உருண்டு உருண்டு சல்லடை மேலேயே உட்கார்ந்துகொள்ளும். தட்டித் தட்டித்தான் இறக்க வேண்டும். இங்கே தட்டுவதற்குக் கை கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சல்லடையை அதிரவைக்கும் சின்னக் கருவி ஒன்றுதான் துணை. ஒரு முறை அதிர்த்தார்கள். இல்லை. இரண்டு, மூன்று, நான்கு... இல்லை. ஏழாவது முறை அதிர்த்தபோது மண் பொலபொலவென்று இறங்கி அடுப்பு நிறைந்தது. ஆனால் அத்தனை நாள் வெயிலில் கிடந்த மண்ணில் பனி மிச்சமிருக்குமா? கற்பூரம் பறந்துபோய்விட்டது.

அதற்கு மேல் ஓர் இடி. அத்தனை குலுக்கலில் கருவிக்குள் மின்கசிவு ஏற்பட்டிருந்தது. அடுத்த அடுப்பைத் திறந்தால் மொத்தமும் செயலிழக்கலாம் என்று பொறியாளர்கள் எச்சரித்தார்கள். அடுத்த கரண்டிதான் கடைசிக் கரண்டி என்று வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்! அந்தச் சொல்லைக் கேட்ட அறையை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே ஸ்னோ வொயிட் பள்ளத்தின் அடியில், சிமென்ட் போல இறுகிக் கிடந்த பனிமண்ணைக் கரண்டியின் பின்புறமிருந்த சின்ன அரத்தால் ராவி எடுத்தார்கள். கரண்டியைக் கவிழ்த்தார்கள். விழவில்லை! ஒட்டிக்கொண்டது. மறுபடி முயன்றார்கள். மறுபடியும் ஒட்டிக்கொண்டது. ஜூலை 30 அன்று, ‘விக்கெட் விட்ச்’ என்று பெயர் வைத்த மாதிரியில் கொஞ்சம் மண் ஒருவழியாக அடுப்புக்குள் விழுந்தது. வெளியே கிடந்து ஓரளவு உலர்ந்ததால்தான் அது ஒட்டாமல் விழுந்தது. அதிலும் போதுமான பனி மிஞ்சியிருந்தது.

அடுப்பை மெல்லச் சூடேற்றினார்கள். வெப்பநிலை ஏறியது. பூஜ்யம் டிகிரி வந்ததும், அதற்கு மேல் ஏற அடுப்பு கூடுதல் சூடு கேட்டது. பாத்திரத்தில் ஐஸ் கட்டியைப் போட்டு அடுப்பில் வைத்தால், கடைசிக் கட்டி உருகும்வரை தண்ணீர் சூடேற மறுக்குமே, அதே பிடிவாதம்! உப்பு பூஜ்யத்தில் உருகாது. உலர்பனியும் உருகாது. உலகத்தில் எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த அந்த எண்ணில், வேறொரு உலகத்தின் பனி உருகியது. எழுந்த ஆவியை முகர்ந்த கருவி சொன்னது: தண்ணீர். 2008 ஜூலை 31 அன்று பாய்ன்டன் அதை உலகத்துக்கு அறிவித்தார். அவர் வானத்திலிருந்து கண்ட ‘இருக்கலாம்’, அவருடைய அடுப்பிலேயே ‘இருக்கிறது’ ஆனது.

குல்ஃபிக்காரரின் ரகசியம்

கதை இங்கே முடியும் என்று நினைத்தால், இன்னும் சுவையான பகுதி இனிமேல்தான். கலத்தில் இன்னொரு சோதனைச்சாலை இருந்தது. பூமியிலிருந்து கொண்டுபோன தண்ணீரில் செவ்வாய் மண்ணைக் கரைத்துப் பார்க்கும் குட்டிக் கிண்ணங்கள். (எவ்வளவு அழகான காரியம்! நம் தண்ணீரும் அவர்கள் மண்ணும் ஒரே கிண்ணத்தில்.) அதில் யாரும் எதிர்பாராத ஓர் உப்பு வந்தது. பெர்குளோரேட்.

தெருவில் மணி அடித்து வரும் குல்ஃபிக்காரரின் பானைக்குள் பார்த்திருக்கிறீர்களா? ஐஸ் துண்டுகளோடு கல்லுப்பை அள்ளிப் போட்டிருப்பார். உப்பு சேர்ந்தால் பூஜ்யத்துக்குக் கீழேயும் தண்ணீர் உறையாமல் திரவமாக நிற்கும். பெர்குளோரேட் இந்த வித்தையில் மகா கெட்டிக்காரன். அதன் சில வகைகள் மைனஸ் 70 டிகிரி வரைக்கும் தண்ணீரை உறையவிடாது! அப்படியானால் செவ்வாயில் திரவமாகவே தண்ணீர் இருக்கக்கூடுமோ?

இந்தக் கேள்வியோடு அறையில் மறுபடி இரண்டு கட்சி. கலத்தின் கால் ஒன்றில் ஒட்டியிருந்த சின்னச் சின்ன உருண்டைகளைப் பல நாட்களில் எடுத்த படங்களில் பார்த்தார்கள். அவை வளர்ந்தன. சில இடம் மாறின, ஒன்றோடொன்று சேர்ந்தன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நில்டன் ரென்னோ சொன்னார்: இவை உப்புநீர்த் துளிகள், இறங்கும்போது தெறித்து ஒட்டிய உப்பு, காற்றின் ஈரத்தைக் குடித்துத் துளியாகிறது. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிகிறதே, அதே கதை. மண் வேதியியல் கருவிகளின் தலைவர் மைக்கேல் ஹெக்ட் ஒப்புக்கொள்ளவில்லை. அடியில் திறந்து கிடக்கும் பனியிலிருந்து எழும் ஆவி, குளிர்ந்த காலில் பட்டு உறைபனியாகப் படிகிறது, அவ்வளவுதான் என்றார். ஒரே கலம், ஒரே குழு, ஒரே படங்கள். இரண்டு பேருமே முழு மனதோடு வாதாடினார்கள். துளிக்கு அடியில் அடுப்பு வைக்க வழியில்லை. அதனால் முடிவு எட்டாமலே நின்றது.

தன் கையாலேயே திருத்திய கணக்கு

அதன் பிறகும் இந்த விளையாட்டு ஓயவில்லை. 2011இல் ஹைரைஸ் கேமராவின் தலைவர் ஆல்ஃபிரட் மெக்இவன் குழு, கோடையில் சரிவுகளில் நீண்டு குளிரில் மங்கும் கருங்கோடுகளை அறிவித்தது. அந்தக் கோடுகளை முதலில் கவனித்தவர் நேபாளத்தில் பிறந்த கல்லூரி மாணவர் லுஜேந்திர ஓஜா! 2015 செப்டம்பர் 28 அன்று, அங்கே நீரேறிய பெர்குளோரேட் உப்பின் தடயம் தெரிகிறது என்று ஓஜாவும் மெக்இவனும் மற்றவர்களும் சொன்னபோது, ஓடும் தண்ணீர் கிடைத்துவிட்டதாக உலகமே துள்ளியது. 2017இல் காலின் டண்டாஸ் தலைமையில் வேறொரு கட்டுரை வந்தது. கோடுகள் ஓடும் சரிவுகளின் சாய்வை அளந்தால், உலர்ந்த மணல் தானாகச் சரியும் கோணத்தோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. தண்ணீர் என்றால் மட்டமான இடத்துக்கும் ஓடியிருக்க வேண்டாமா என்று கேட்டது அது. அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் யார்? அதே ஆல்ஃபிரட் மெக்இவன்! நான் எழுந்து நின்று கைதட்டிய இடம் இது.

2018இல் இத்தாலியின் ராபர்ட்டோ ஓரோசெய் குழு, தென்துருவப் பனிக்கு ஒன்றரை கிலோமீட்டர் அடியில் 20 கிலோமீட்டர் அகலத்துக்குப் பளிச்சென்று எதிரொலிக்கும் ஒன்றை ரேடார் காட்டுவதாகவும் அது உப்புநீராக இருக்கலாம் என்றும் சொன்னது. 2021இல் ஐசக் ஸ்மித் குழு களிமண்ணை மிகக் கடுமையாகக் குளிர்வித்து அளந்து, அதுவும் அப்படி எதிரொலிக்கும் என்றது. 2025இல் நாசாவின் கலம் ஒன்று வானத்திலேயே 120 பாகை உருண்டு படுத்து, தன் ரேடாரை நன்றாகக் கீழே நீட்டி அதே இடத்தைப் பார்த்தது. ஓர் ஏரியிலிருந்து வர வேண்டிய பலத்த எதிரொலி வரவில்லை, மங்கலாகத்தான் வந்தது. ஒரு கேள்விக்காகக் குட்டிக்கரணம் போடும் கலம்! இதைவிட ஆசையை எப்படிக் காட்ட முடியும்?

இந்தக் கதைகளையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. தண்ணீராக இருக்க வேண்டுமே என்று யார் அதிகம் ஏங்கினார்களோ, அவர்களே ‘உப்பாக இருந்தால்?’, ‘மணலாக இருந்தால்?’ என்று கடைசிவரை கேட்டார்கள். நேசிக்கிற ஒன்றைப் பற்றிப் பொய்யான நல்ல சேதி வேண்டாம் என்று நினைக்கும் மனசு அது. பீனிக்ஸின் பனியை இன்று யாரும் சந்தேகிப்பதில்லை என்றால், அத்தனை சந்தேகத்தையும் அந்த அறைக்குள்ளேயே சந்தித்துவிட்டுத்தான் அது வெளியே வந்தது.

மூன்றாவது படம்

மறைந்துபோன அந்தக் கட்டிகள் எங்கே போயின? காற்றுக்குள். செவ்வாயின் வறண்ட காற்றில் கண்ணுக்குத் தெரியாத ஆவியாகக் கலந்தன. கோடை கழிந்து சூரியன் தாழத் தொடங்கியது. கலத்தில் கனடா நாட்டவர் பொருத்தியிருந்த லேசர் கருவி வானத்தை நோக்கிக் கதிரை அனுப்பிக்கொண்டே இருந்தது. செப்டம்பரில் அது ஒன்றைக் கண்டது. ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் உயரத்து மேகங்களிலிருந்து பனி பொழிந்துகொண்டிருந்தது! வேறொரு கோளில், பனிப்பொழிவு!

நவம்பர் 2 அன்று பீனிக்ஸ் கடைசியாகப் பேசியது. குளிரும் இருளும் அதை மூடின. அடுத்து வந்த குளிர்காலத்தில் அதன் சூரியத் தகடுகள் பனிப்பாரத்தில் உடைந்ததைப் பின்னர் வானிலிருந்து எடுத்த படம் காட்டியது.

அதற்கு முன்பே, ஆகஸ்ட் 14 அன்று, செவ்வாயின் காலை ஆறு மணிக்கு அது ஒரு படம் எடுத்திருந்தது. நீங்கள் இதுவரை பார்த்த இரண்டு படங்களுக்குப் பக்கத்தில் அதையும் வையுங்கள். தரையெங்கும் மாக்கோலம் போட்டதுபோல மெல்லிய வெள்ளை. தண்ணீர் உறைந்து படிந்த விடியற்காலைப் பனி. வெயில் ஏறினால் அதுவும் போய்விடும்.

முதல் படத்தில் இருந்தது. இரண்டாவதில் காணோம். மூன்றாவதில் திரும்பி வந்திருக்கிறது. பென்சிலை எடுங்கள், வட்டத்தை எங்கே வேண்டுமானாலும் போடலாம்.